பூஜ்ஜிய முனை

மூன்றாம் மாடி, விசாரணை அறை.
குளிர்சாதனம் பதினெட்டில்.
ஆட்சேபம் சொல்ல வந்தவர்கள் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள்,
மரியாதையால் அல்ல.

நான் நில அளவைப் பிரிவு. கடைசி வரிசை.
என்னை யாரும் எதுவும் கேட்கப் போவதில்லை.
கேட்டால் விரித்துக் காட்ட மடியில் ஒரு வரைபடம்.
அதில் சுங்கை கெலாடி ஒரு நீலக் கோடு,
பினாங்கில் எந்த ஆறும் அவ்வளவு நீலமில்லை.

அக்கரையில் வரப்போவது மூன்று கோபுரம், இருபத்தெட்டு மாடி.
இக்கரையில் தாமான் வீடுகள், ஏற்கெனவே ஈரம் ஏறிய சுவர்கள்.
கோட்டை ஒட்டிப் பச்சைப் பென்சில் பட்டை ஒன்று.
அதன் அகலம்தான் வழக்கு.
மேம்பாட்டாளர் இருபது மீட்டர் என்றார்.
குடியிருப்பாளர்கள் ஐம்பது.

"சோன் பெனம்பான்" என்று அதிகாரி மலாயில் வாசித்தார்.
முன்வரிசையில் லாரி ஓட்டும் பொன்னுரங்கம்
பக்கத்து இருக்கைக்குத் தமிழில் பெயர்த்தார்:
"ஒண்ணுமில்ல, பம்பர். இடிச்சா முதல்ல அது நசுங்கும்."

புவான் ரொஹாயா எழுந்து
போன அக்டோபரில் தன் குளிர்பெட்டி
வரவேற்பறையிலிருந்து வாசலுக்குத் தானே நடந்து வந்ததைச் சொன்னார்.
ஆலோசகர் பையன் திரையில் ஒரு வளைகோட்டைக் காட்டி
அது நூறு ஆண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளம் என்றான்.
"எங்க வீட்டுக்கு மூணு தடவை வந்துருச்சு," என்றார் கோர்,
"அப்ப எனக்கு முந்நூறு வயசா?"
அறை சிரித்தது. சிரிப்பைக் குறிப்பில் எழுதவில்லை.

பிறகு வழக்கறிஞர் ஊய்,
குரலை உயர்த்தாத பெண்மணி,
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"ஐம்பதே இருக்கட்டும்.
ஆனால் ஆற்றுக்கு இரண்டு கரை."

யாரும் பேசவில்லை.
பொன்னுரங்கத்தின் விரல்கள் மட்டும் தொடையில் எண்ணத் தொடங்கின:
பின்பக்கம் இழுத்துக் கட்டிய சமையலறை,
தகரக் கூரை, கோழிக்கூடு,
அங்சானா மரத்தடியில் முனீஸ்வரன்.

செவ்வாய்க்கிழமை நேரில் அளக்கப் போனோம்.
நாடாவின் மறுமுனை துவான் ஃபைசாலிடம்.
பூஜ்ஜியம் எப்போதும் என்னிடம்,
சேற்றில் இறங்குகிறவனிடம்.
பத்தொன்பது வருடமாக அப்படித்தான்.

பிப்ரவரி. தண்ணீர் கணுக்காலுக்கு.
ஆறு எங்கே முடிகிறது?
தண்ணீர் நிற்கும் இடத்திலா,
புல் கருகிய வரம்பிலா,
அல்லது என் தலைக்கு மேல் கிளையில்
ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் பை தொங்குகிறதே, அங்கேயா?
விதிமுறைப் புத்தகத்தில் இதற்கு ஒரு வாக்கியம் உண்டு.
அதைப் படித்தவர்கள் யாரும் பூட்ஸ் போட்டு வரவில்லை.

பொன்னுரங்கம் கோப்பி ஓ கொண்டுவந்தார்,
கயிறு கட்டிய பையில், எனக்கு மட்டும்.
குனிந்து, மெதுவாக:
"தம்பி, கொஞ்சம் தண்ணிப்பக்கம் தள்ளிப் புடியேன்."

தள்ளலாம்.
தள்ளினால் அவர் அடுப்பு தப்பும்.
அதே கணக்கில் அக்கரையில்
ஒரு கோபுரம் நாலு மீட்டர் ஆற்றுக்குள் நடந்து வரும்.
அவருக்கும் தெரியும். ஐம்பது கேட்டவரே அவர்தானே.
தெரிந்துதான் என் முகத்தைப் பார்க்காமல்
முனீஸ்வரனைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஓகே ஆ?" என்று மேலிருந்து குரல் வந்தது.

கோப்பி சூடாக இருந்தது. கைமாற்றிப் பிடித்தேன்.
நாடா முப்பது மீட்டர்தான்;
ஐம்பதுக்கு இரண்டு தரம் பிடிக்க வேண்டும்,
நடுவில் ஒரு ஆணி, ஆணி சாய்ந்தால் அரை அடி.

குறிப்பில் இப்படி இருக்கிறது:
அளவு எடுக்கப்பட்டது. முடிவு அடுத்த கூட்டத்துக்கு.
எங்கே பிடித்தேன் என்று அதில் இல்லை.
நாடாவைப் பார்த்தாலும் தெரியாது.
முதல் பத்து சென்டிமீட்டரில் எண்களே கிடையாது,
என் கட்டைவிரல் பட்டுப் பட்டு அழிந்தவை.